தாமிரமும் தவணையும்

எங்கள் வீட்டுக்கு ஒரு புதுப் பொருள் வருவதற்கு முன் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படும். "பணம் இருக்கா?" என்பது முதல் கேள்வி. "டார்ச்சை எங்கே வெச்சீங்க?" என்பது இரண்டாவது. பொருளைத் தேர்ந்தெடுப்பது, பேரம் பேசுவது, பொருத்துவது, பழுது பார்ப்பது ஆகிய இலாகாக்கள் எல்லாம் பிறர் வசம். நான் நிதி மந்திரி. கூடுதல் பொறுப்பாக வெளிச்சத் துறை. யாராவது மேசைக்கு அடியில் குனிந்தால் நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வெளிச்சம் அவர்களுக்கு வேண்டிய இடத்தில் விழுவதில்லை, நான் வேடிக்கை பார்க்கும் இடத்தில்தான் விழுகிறது என்று என் மீது ஒரு புகார் பல காலமாக நிலுவையில் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஆள் இன்று தாமிரம், அலுமினியம், நிக்கல் ஆகியவற்றின் குணாதிசயங்களைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் என் மகளின் கம்ப்யூட்டர்.

மகளுக்கு வேலை முப்பரிமாண அனிமேஷன். அலுவலகம் அவளுடைய படுக்கையறை. அவள் அமைத்த காட்சியை கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் படமாக்குவதற்கு ரெண்டரிங் என்று பெயர். அவள் பகலில் செய்கிற வேலையை அது ராத்திரி முழுக்க ரெண்டர் செய்யும். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து சில நூறு வாட் மின்சாரம் குடிக்கின்றன. குடித்தது அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். சென்னையின் கோடையில் அந்தச் சூட்டை விரட்ட உள்ளே இருந்த விசிறிகள் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்தார் மாவு மில் வைத்துவிட்டோமோ என்று விசாரித்தார்கள். "வாட்டர் கூலிங் போட்டுடலாம்ப்பா" என்றாள் மகள்.

விஷயம் எளிதுதான். ப்ராசஸரின் தலையில் ஒரு தாமிரக் கட்டி உட்காரும். அதற்கு பிளாக் என்று பெயர். அதன் வயிற்றுக்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். பம்ப் தள்ளுகிற தண்ணீர் அந்தச் சந்துகளில் புகுந்து சூட்டை வாங்கிக்கொண்டு, பிளாஸ்டிக் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். அங்கே விசிறிக் காற்றில் ஆறி, மறுபடி பிளாக்குக்குத் திரும்பும்.

"தண்ணி ஜில்லுன்னு இருக்குமா?" என்று கேட்டேன்.

"அறைக் காத்து எவ்வளவு சூடோ, அதுக்குக் கீழே போகாதுப்பா."

"அப்போ அந்தச் சூடு எங்கே போகும்?" என்றாள் என் மனைவி.

"ரூமுக்குள்ளதாம்மா."

"அதாவது கம்ப்யூட்டரை விட்டுட்டு நம்ம மேல வரும். இதுக்குக் காசு வேற."

வெப்ப இயக்கவியலை இவ்வளவு சுருக்கமாக நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஆனாலும் திட்டம் நிறைவேறியது. எங்கள் வீட்டில் மகள் கொண்டுவரும் தீர்மானத்தில் விவாதம் உண்டு, வாக்கெடுப்பு கிடையாது.

விலைப்பட்டியல் என் மேசைக்கு வந்தது. பிளாக், பம்ப், ரிசர்வாயர், குழாய், ஃபிட்டிங், கூலன்ட், ரேடியேட்டர். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் அதில் ஒரு வரியையாவது அடிக்காமல் கையெழுத்துப் போட என் கை ஒப்பாது. ரேடியேட்டரில் இரண்டு வகை இருந்தன. தாமிரமும் பித்தளையுமாகச் செய்தது ஒன்று. அலுமினியத்தில் செய்தது இன்னொன்று. எடை குறைவு, விலையும் நன்றாகக் குறைவு. சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"அலுமினியமே போதுமேம்மா. சூட்டை நல்லாத்தானே கடத்தும்?"

"கடத்தும். ஆனா பிளாக் காப்பர். ரெண்டையும் ஒரே தண்ணியில போடக்கூடாதுப்பா."

குணம் வேறான இரண்டு பேரை ஒரே இடத்தில் காலமெல்லாம் வைத்திருப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால், நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவர்கள் உடனே கல்யாணத்தை இழுப்பது வழக்கம். என் கட்டுரைகளுக்கு முதல் வாசகி என் மனைவி என்பதால் நான் இழுக்கப்போவதில்லை. நேரே வேதியியலுக்குப் போவோம்.

ஒவ்வொரு உலோகத்துக்கும் எலக்ட்ரானைக் கைவிடுவதில் ஒரு தாராள குணம் உண்டு. தாராளத்தை வோல்ட்டில் அளந்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். எண் கீழே போகப் போகத் தாராளம் அதிகம். தாமிரம் +0.34, அலுமினியம் -1.66. அட்டவணைப்படி வித்தியாசம் சரியாக 2 வோல்ட். நடைமுறையில் அலுமினியம் தன் மேல் ஒரு ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்வதால் அவ்வளவு வராது. கடல் நீரில் வைத்து அளந்தால் ஏறக்குறைய அரை வோல்ட் வரும். அதுவே போதும். இரண்டு உலோகங்கள், அவற்றை இணைக்க ஓர் உலோக வழி, இரண்டையும் நனைக்கும் உப்புத் தண்ணீர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மின்சாரம் ஓடத் தொடங்கும். தாராளமான உலோகம் கரையும். கஞ்ச உலோகம் அப்படியே இருக்கும். இதற்குக் கால்வானிக் அரிமானம் என்று பெயர். கஞ்சனுக்குச் சாதகமாக இயற்கை எழுதிய சட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதிலும் நஷ்டம் என் பர்ஸுக்கு என்பதுதான் வேடிக்கை.

இத்தாலியின் போலோன்யா நகரில் லூயிஜி கால்வானி 1780களில் செத்த தவளையின் காலில் இரண்டு உலோகங்களைத் தொட வைத்தபோது கால் உதைத்தது. மின்சாரம் தவளைக்குள் இருக்கிறது என்றார் அவர். இல்லை, இரண்டு உலோகத்துக்கு இடையில் இருக்கிறது என்றார் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா. 1800இல் தவளையை விலக்கிவிட்டு, உலோகத் தட்டுகளையும் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டைகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, உலகின் முதல் பேட்டரியை அறிவித்தார். இன்றைக்கும் சாதாரண டார்ச் செல்லில் துத்தநாக உறை கரைந்துதான் வெளிச்சம் வருகிறது. வெளிச்சத் துறையை இத்தனை காலம் நிர்வகித்தும், கையில் நான் பிடித்திருந்தது கட்டுப்பாட்டில் வைக்கப்பட்ட ஓர் அரிமானம் என்பதை எந்த அதிகாரியும் எனக்குத் தெரிவிக்கவில்லை.

சிவப்புப் பேனாவை நான் இன்னும் மூடவில்லை. மேல்முறையீடு செய்தேன்.

"நடுவுல இருக்கிறது பிளாஸ்டிக் குழாய். பிளாக்கும் ரேடியேட்டரும் ஒண்ணை ஒண்ணு தொடவே தொடாது. அப்புறம் எப்படிம்மா மின்சாரம் ஓடும்?"

கேள்வியில் நியாயம் இருந்ததை மகளின் முகம் ஒப்புக்கொண்டது. வாய் ஒப்புக்கொள்ளவில்லை. ரேடியேட்டரை இரும்புக் கேபினெட்டில் திருகி முடுக்குகிறோம். மதர்போர்டும் அதே கேபினெட்டில்தான் திருகப்படுகிறது. பிளாக் அந்த மதர்போர்டின் மேல் நிற்கிறது. பெயின்ட் சுரண்டிய ஒரு திருகு போதும், சுற்று முடிந்துவிடும். அதைத் தடுத்தாலும் இன்னொரு வழி இருக்கிறது. தாமிரத்திலிருந்து கொஞ்சூண்டு தண்ணீரில் கரையும். கரைந்த அயனி தண்ணீரோடு போய் அலுமினியத்தின் மேல் தாமிரமாகப் படியும். படிந்த ஒவ்வொரு புள்ளியும் அலுமினியத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கிற ஒரு குட்டி பேட்டரி. அந்த இடத்தில் குழி விழும். ரேடியேட்டரின் அலுமினியச் சுவரோ மெல்லியது. குழி ஓட்டையாக மாற அதிக நாள் வேண்டியதில்லை, ஓட்டைக்குக் கீழேதான் கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும். அதன் விலை பட்டியலில் இல்லை; அது போன வருஷப் பட்டியல். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இரண்டு உலோகத்தைப் பிரித்து வைப்பதால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதிக்குத் தாமிரத் தகடு அடித்தது. மரத்தைத் துளைக்கும் புழுவும் ஒட்டிக்கொள்ளும் சிப்பியும் அண்டாமல் இருக்க ஏற்பாடு. தகட்டை அடித்த ஆணி இரும்பு. இரண்டு வருஷம் கடலில் திரிந்துவிட்டு வந்த கப்பலைப் பார்த்தால், தகடு நன்றாக இருந்தது, பல இடங்களில் ஆணிதான் கரைந்து போயிருந்தது. சில ஆணிகள் மட்டும் புத்தம் புதிதாக நின்றன. ஏன் என்று ஆராய்ந்தார்கள். தாமிரத் தகடுகள் பழுப்புத் தாளில் சுற்றி வந்திருக்கின்றன. தாளைப் பிரிக்காமலே சில இடங்களில் ஆணி அடித்துவிட்டார்கள். தாள் இருந்த இடத்தில் இரும்பும் தாமிரமும் தொடவில்லை. ஆணி பிழைத்தது.

இதைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட பெருமிதத்துக்கு அளவில்லை. எங்கள் வீட்டு ரிமோட்டின் உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடியின் உறை, மிக்ஸியின் ஸ்டிக்கர், சோபாவின் பாலிதீன் எதையும் நான் பிரிக்க விட்டதில்லை. உட்கார்ந்தால் சத்தம் வருகிறது, எழுந்தால் ஒட்டிக்கொள்கிறது என்று விருந்தாளிகள் புகார் சொல்வதுண்டு. அது கருமித்தனம் அல்ல, கடற்படை அங்கீகரித்த அரிமானத் தடுப்பு முறை என்பதை அன்று இரவு சாப்பாட்டு மேசையில் விளக்கினேன். மனைவி ரசம் ஊற்றினாள்.

அடுத்த மனு தண்ணீரைப் பற்றியது. உப்பு இருந்தால்தானே மின்சாரம் ஓடும்? இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று பால்கனியில் பாதி இருந்தது. அதை ஊற்றினால் கூலன்ட் செலவும் மிச்சம். மகள் இதையும் தள்ளுபடி செய்தாள். சுத்தமான தண்ணீர் ஊற்றும் நிமிடத்தில்தான் சுத்தம். காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டாலே அதன் பிஹெச் 5.6 அளவுக்கு இறங்கி லேசாகப் புளிக்கும். பிறகு உலோகத்தை நக்கி நக்கி அயனிகளைச் சேர்த்துக்கொள்ளும். சில வாரத்தில் அது தண்ணீர் இல்லை, கரைசல். சுத்தமான தண்ணீர் அரிப்பைத் தள்ளிப் போடும், தடுக்காது. எங்கள் போர்வெல் தண்ணீரைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. அதில் குளித்தாலே தலையில் சுண்ணாம்பு அடித்தது போல் இருக்கும்.

இந்தக் கட்டத்தில் என் மனைவி தன் பிறந்த வீட்டுப் பெருமையைக் களத்தில் இறக்கினாள். அவளுக்குக் காரைக்குடி. அங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது, 1953இல் திறந்தார்கள். அரிமானம் அவர்களின் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று. உப்புக் காற்றில் உலோகம் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க மண்டபம் கடற்கரையில் ஒரு நிலையமே வைத்திருக்கிறார்கள். அவளுடைய சித்தப்பா அந்த நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"அரிப்பே வராம பண்றது கஷ்டம் மாப்பிள்ளை" என்றார் சித்தப்பா. "எது அரிபடணும்ங்கிறதை வேணா நாம முடிவு பண்ணலாம். உங்க வீட்டு கீஸரைத் திறந்து பாருங்க."

கீஸரை நான் திறக்கவில்லை. திறந்தவருக்கு டார்ச் பிடித்தேன். தொட்டிக்குள் ஒரு மக்னீசியக் கம்பி இருந்தது, அல்லது இருந்ததற்கான அடையாளம் இருந்தது. மக்னீசியத்தின் எண் -2.37. அலுமினியத்தையும் மிஞ்சிய தாராளம். தொட்டியின் இரும்புக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகவே அதை உள்ளே வைத்திருக்கிறார்கள். அது தீர்ந்துபோனால் அடுத்த முறை தொட்டிக்கு. கம்பியை அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும் என்று கூடவே வந்த கையேட்டில் அச்சடித்திருந்தது. கையேடு அதன் பாலிதீன் உறையிலேயே பத்திரமாக இருந்தது.

உடனே எனக்கு யோசனை வந்தது. கம்ப்யூட்டர் தண்ணீரிலும் ஒரு துத்தநாகத் துண்டைப் பலியாகப் போட்டுவிட்டால்? அலுமினிய ரேடியேட்டர் தப்பும், பணமும் தப்பும். இந்த யோசனை எனக்கு முன்பே ஒருவருக்கு வந்திருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. 1824இல் ஹம்ப்ரி டேவி, கப்பலின் தாமிரத் தகட்டைக் கடல் நீர் அரிக்காமல் இருக்க, அதோடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளைப் பொருத்தலாம் என்று கண்டுபிடித்தார். கொச்சியில் கட்டிய 'சமரங்' என்ற கப்பலில்கூடப் பொருத்திப் பார்த்தார்கள். தாமிரம் துளியும் கரையவில்லை. மகத்தான வெற்றி. அதுதான் சங்கடமாகப் போயிற்று. இத்தனை நாள் சிப்பிகளைக் கொன்றுகொண்டிருந்ததே அந்தத் தாமிரக் கரைசல்தான். அது நின்றதும் சிப்பியும் பாசியும் கப்பலின் அடியில் குடித்தனம் வந்துவிட்டன, கப்பலின் வேகம் போயிற்று. கடற்படை அந்தத் துண்டுகளைக் கழற்றிவிட்டது. வேதியியல் சரி, கப்பல் ஓடவில்லை.

கம்ப்யூட்டரில் சங்கடம் இன்னும் அதிகம். பலி உலோகம், தான் உலோக இணைப்பில் தொட்டுக்கொண்டிருக்கிற பொருளைத்தான் காப்பாற்றும். கரைந்த துத்தநாகமோ வெள்ளைத் தூளாக அதே தண்ணீரில்தான் சுற்றும். பிளாக்கின் மெல்லிய சந்துகளில் போய் அடைத்துக்கொள்ளும். பாசிப் பிரச்சினை வேறு இருக்கிறது. வெளிச்சம் படுகிற கண்ணாடி ரிசர்வாயரில் வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் பாசிக்குக் கசக்குமா? அதைக் கொல்ல வெள்ளிச் சுருள் போடுகிற வழக்கம் ஒன்று உண்டு. மனைவியின் பழைய கொலுசு பீரோவில் சும்மாதானே இருக்கிறது என்று தொடங்கினேன். இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளியின் எண் +0.80, தாமிரத்தைவிடக் கஞ்சம். பிளாக்கின் நிக்கல் பூச்சுக்கு அது ஆகாது என்பதால் வெள்ளி வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள் என்றாள் மகள். மனைவி சொன்ன காரணத்தில் வேதியியல் கிடையாது.

கடைசியாக எனக்கு ஒரு வழக்கு ஜெயித்தது. கார் எஞ்சினைக் காட்டினேன். வார்ப்பிரும்பு, அலுமினியம், பித்தளை, ஈயப் பற்று எல்லாம் ஒரே தண்ணீரில் வருஷக்கணக்காக ஓடவில்லையா? ஓடுகின்றன. கூலன்ட்டில் கலந்திருக்கிற தடுப்பான்கள்தான் காரணம். பென்சோடிரையசோல் என்ற பொருள் தாமிரத்தின் மேல் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத படலம் போடும். அலுமினியத்துக்கு சிலிகேட்டும் சில கரிம அமிலங்களும். இவற்றைச் சோதிக்க ஏஎஸ்டிஎம் டி1384 என்று ஒரு முறை இருக்கிறது. தாமிரம், பித்தளை, ஈயப் பற்று, எஃகு, வார்ப்பிரும்பு, வார்ப்பு அலுமினியம் ஆகிய ஆறையும் ஒன்றாகக் கோத்து, வேண்டுமென்றே உப்புகள் கலந்த கூலன்ட்டில் மூழ்கடித்து, காற்றை ஊதிக்கொண்டே 88 டிகிரியில் 336 மணி நேரம் வேக வைப்பார்கள். பிறகு எடுத்து எடை போட்டு, யார் எவ்வளவு இளைத்தார் என்று பார்ப்பார்கள். கடையில் மூடி முத்திரை வைத்துக் கிடைக்கும் கூலர்களிலும் பெரும்பாலும் பிளாக் தாமிரம், ரேடியேட்டர் அலுமினியம்தான். தொழிற்சாலையிலேயே தடுப்பான் கலந்து அடைத்துவிடுகிறார்கள்.

"அப்போ கலக்கலாம்தானே?" என்றேன், வெற்றிப் புன்னகையோடு.

"கலக்கலாம்ப்பா. ஆனா தடுப்பான் தீர்ந்துக்கிட்டே இருக்கும். தேதி வெச்சு மாத்தணும். மறந்தா முடிஞ்சுது. கார் கூலன்ட் மாதிரி கிளைக்கால் சேர்த்தா தண்ணி கெட்டியாகும், சூட்டை வாங்குறதும் குறையும். மாத்தும்போதெல்லாம் எல்லாத்தையும் கழட்டணும், யாராவது டார்ச் பிடிக்கணும்."

அப்போதுதான் எனக்கு விஷயம் என் சொந்த பாஷையில் விளங்கியது. ஒரே வகை உலோகமாக வாங்குவது ரொக்கம். அலுமினியத்தைக் கலப்பது தவணை. இன்று மிச்சம் பிடித்த பணத்தைத் தடுப்பானாகவும் உழைப்பாகவும் கவலையாகவும் ஆயுள் முழுக்கக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தவணை தவறினால் ஜப்தி செய்ய வருவது வங்கி அல்ல, இயற்பியல். அதனிடம் மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்க முடியாது.

தவணை தவறியவர்களில் பெரிய புள்ளிகளும் உண்டு. நியூயார்க் துறைமுகத்தின் சுதந்திரதேவி சிலை 1886இல் நிறுவப்பட்டது. வெளியே தாமிரத் தோல், உள்ளே குஸ்தாவ் ஐஃபெல் வடிவமைத்த இரும்புச் சட்டகம். ஆபத்து தெரிந்துதான் கட்டினார்கள். இரும்பும் தாமிரமும் தொடாமல் இருக்க நடுவில் அரக்குப் பூச்சில் நனைத்த கல்நார் வைத்தார்கள். காலப்போக்கில் அது உதிர்ந்தது, ஈரத்தையும் உறிஞ்சியது. இரும்பு துருப்பிடித்து உப்பி, தாமிரத்தில் அடித்த ஆணிகளைப் பிடுங்கித் தள்ளியது. நூற்றாண்டு விழாவுக்கு முன் ஏறக்குறைய 1,800 இரும்புப் பட்டைகளையும் கழற்றி, பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு போட்டு, நடுவில் டெஃப்லான் வைத்தார்கள். அந்த பில்லில் யாரோ ஒரு குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டிருப்பார் அல்லவா? அவரை நினைத்து அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்து சிவப்புப் பேனாவை மூடினேன். தாமிர ரேடியேட்டர் வந்தது.

ரொக்கம் கட்டியவனுக்குச் சந்தேகம் கட்டாதவனைவிட அதிகம். ரேடியேட்டர் தாமிரம், பிளாக் தாமிரத்தின் மேல் நிக்கல், ஃபிட்டிங் பித்தளையின் மேல் நிக்கல். கடல் நீரில் வைத்து அளந்தால் இந்த மூன்றும் அக்கம்பக்கத்துக்காரர்கள், பெரிய சண்டை வராது. ஆனால் நிக்கல் பூசிய பித்தளையும் வெறும் அலுமினியமும் பார்வைக்கு ஒரே பளபளப்பு. ஒரு மூடி, ஒரு வளைவுக் குழாய், பம்பின் அலங்காரத் தகடு என்று ஏதாவது ஒன்று அலுமினியமாக நுழைந்துவிட்டால்? காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பித்தளை, தாமிரம், அலுமினியம் மூன்றுமே காந்தத்தை மதிப்பதில்லை. எடைதான் காட்டிக்கொடுக்கும். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், பித்தளை சுமார் 8.5 கிராம்; தாமிரம் கிட்டத்தட்ட 9.

சமையலறைத் தராசையும் இருமல் மருந்து அளக்கும் மூடியையும் கைப்பற்றினேன். ஃபிட்டிங்கின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, எடை போட்டு, மூடியில் தண்ணீர் ஊற்றி, உள்ளே போட்டு, காற்றுக் குமிழி போகத் தட்டி, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து நோட்டில் எழுதினேன். ஆர்க்கிமிடீஸ் இதைச் செய்தபோது தெருவில் ஓடியதாகச் சொல்வார்கள். நான் மகளிடம் ஓடினேன். "எல்லாம் பித்தளைதாம்மா!" "பெட்டியிலேயே போட்டிருக்கேப்பா" என்றாள் அவள். பெட்டியில் போட்டிருப்பதை நம்புகிறவன் வீட்டுக் கணக்கு எழுத லாயக்கில்லாதவன்.

படிப்பு ஏறிய பிறகு வீட்டில் எதைப் பார்த்தாலும் எனக்கு இரண்டு உலோகமாகத் தெரிந்தது. ஜிஐ குழாயில் பித்தளை வால்வு, அலுமினிய ஜன்னலில் இரும்புத் திருகு, தாமிர ஒயரோடு முறுக்கிய அலுமினிய ஒயர். வருகிறவர்களிடம் பரப்பளவு விதியை விளக்கினேன்: கரைகிற உலோகம் சிறியதாகவும் கரையாத உலோகம் பெரியதாகவும் இருந்தால் அழிவு வேகம், தலைகீழாக இருந்தால் தாமதம். பெயின்ட் அடிப்பதென்றால் அலுமினியத்தின் மேல் மட்டும் அடிக்காதீர்கள். கீறல் விழுந்தால் முழுத் தாமிரமும் அந்த ஒரு கீறலின் மேல் பாயும். முதலில் தாமிரத்துக்கு அடியுங்கள். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். சிலர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்புவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இப்போதெல்லாம் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிலேயே இறங்கிவிடுகிறார், உடம்புக்கும் நல்லதுதான்.

ரொக்கம் கட்டியும் பராமரிப்பு முழுசாக ஒழிந்துவிடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புது ரேடியேட்டருக்குள் பற்ற வைக்கப் பயன்படுத்திய ஃப்ளக்ஸின் மிச்சம் இருக்கும், அது அமிலம். டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கழுவ வேண்டும். பால்கனி கேனுக்கு அப்படி ஒரு நல்வாழ்வு கிடைத்தது. குலுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது; ரேடியேட்டர் இளைத்ததோ இல்லையோ, நான் இளைத்தேன். ஒரே உலோகமானாலும் தடுப்பானும் பாசிக்கொல்லியும் கலந்த கூலன்ட்தான் ஊற்ற வேண்டும், வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றிவிடுவது நல்லது. தண்ணீர் கலங்குகிறதா, வெள்ளையாகக் கூழ் மாதிரி ஏதாவது மிதக்கிறதா, ப்ராசஸரின் சூடு மாதாமாதம் படி ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கண்காணிப்பு இலாகா, கேட்காமலேயே எனக்கு ஒதுக்கப்பட்டது. அல்லது ஒதுக்கப்படாமலேயே நான் எடுத்துக்கொண்டேன். சேவைக்கு எது முன், எது பின் என்று பார்க்கக்கூடாது.

தினமும் காலையில் டார்ச்சோடு ரிசர்வாயருக்கு முன்னால் நிற்கிறேன். நிறத்தைப் பார்க்கிறேன், மட்டத்தைப் பார்க்கிறேன், மூட்டுகளைத் தடவுகிறேன், தேதியும் சூடும் நோட்டில் எழுதுகிறேன். நோட்டின் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. தடுப்பு வேலையின் தலையெழுத்தே அதுதான். பழுது பார்க்கிறவனுக்குக் கூலி உண்டு, காபி உண்டு, அவன் கழற்றி எடுத்த அரித்துப்போன துண்டை எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்து 'அடேயப்பா' என்பார்கள். தடுத்தவனிடம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? அவன் வேலை ஒழுங்காக நடந்தால் எதுவுமே நடக்காது.

இந்தத் தத்துவத்தை ஒருநாள் மனைவியிடம் எடுத்துச் சொல்லி, கொஞ்சம் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"காலையிலேருந்து அந்த ரூம்ல என்னதாங்க பண்ணினீங்க?"

"எதுவும் நடக்காம பார்த்துக்கிட்டேன்."

"அதைத்தான் கல்யாணம் ஆன நாள்லேருந்து பண்றீங்களே" என்றாள்.